ஆறாவது சேனல்

கம்பெனிக்குப் புகார் எழுத ஆதாரம் வேண்டும் என்று
பழைய டைரியில் குறித்துவைக்கத் தொடங்கினேன்:
செவ்வாய், இரவு 10.40. நெட் போனது. 10.58க்கு வந்தது.
வெள்ளி, 10.41. போனது. 11.05.
நடுவில் புதன், வியாழன் ஒரு குறையும் இல்லை.
மறு செவ்வாய், 10.40.

அமெரிக்காவில் எங்கோ ஒரு டாக்டர்
மென்று விழுங்கிச் சொன்ன சிறுநீரகத்தை
கோரிமேட்டில் உட்கார்ந்து நான் தட்டச்சு செய்து
பதினோரு மணிக்குள் அனுப்ப வேண்டும்.
தொண்ணூற்றிரண்டு சதவீதத்தில் நின்றுவிடும் சிறுநீரகம்.
மோடத்தின் பச்சை விளக்கு மட்டும்
எனக்கென்ன என்று எரிந்துகொண்டிருக்கும்.

லைன்மேன் மாதையன் மூன்று தடவை வந்தார்,
மூன்றும் பகலில்.
"லைன் சுத்தமா இருக்குங்க மேடம்."
நான்காம் தடவை, வீட்டுக்குப் போகிற வழியில்,
இரவில் வந்தார். வெள்ளிக்கிழமை.
அவருக்குப் போட்ட டீ ஆறிக்கொண்டிருந்தது.
சிக்னலில் நாலு கோடு இருந்தது, மூன்றானது,
படிக்கட்டில் செருப்புச் சத்தம்,
இரண்டு,
சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கனைப்பு,
ஒன்று.
சன்னல் வழியே பார்த்தோம்:
கீழ் வீட்டு அர்த்தநாரி சார்,
உருக்காலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்ந்தவர்,
ஒயர் இல்லாத போனைக் காதில் வைத்தபடி
மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார்.

மாதையன் சிரிக்கவில்லை. தொழில் விஷயம்.
"ரெண்டும் ஒரே ரோட்டுல போவுது.
அஞ்சு ரோட்டு முக்குல ரெண்டு டவுன் பஸ்ஸு
மூஞ்சிக்கு மூஞ்சி நின்னா எது பின்னால போவும்?
ஹாரன் பெருசா இருக்கறது போவாது."
ஆறாவது சேனலிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினார்.
நூறு ரூபாய் நீட்டினேன்; ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தார்.

சிறுநீரகங்கள் ஒழுங்காகப் போயின.
இதயங்களும், ஒரு முழங்காலும்.
டைரியை மூடிவைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அர்த்தநாரி சார்
கதவைத் தட்டினார். வாடகைக்கு இன்னும் நாளிருந்தது.
"பாப்பா, உன் மிஷின்ல எதாச்சும் மாத்தினியா?"
மாற்றினேன் என்றேன்.
"போன்ல ஒரு இரைச்சல் இருந்துச்சு. சடசடன்னு.
டீச்சர் மொத நாளே கேட்டாங்க, அங்க மழையான்னு.
ஆமான்னுட்டேன்."
கொஞ்சம் நிறுத்தினார்.
"அப்புறம் எல்லா நாளும் மழைன்னே
சொல்ல வேண்டியதாப் போச்சு."

டீச்சர் யார் என்று நான் கேட்கவில்லை.
எங்கள் மாடியிலிருந்து பார்த்தால்
ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில்
ஒரு லாரி விளக்கு மறைந்து மறைந்து ஏறுவது தெரியும்.
அது எந்த வாசலைத் தாண்டிப் போகும் என்று
அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

வாளித் தண்ணீர் காலையிலேயே சுடுகிற
ஏப்ரல் மாதத்துச் சேலத்தில்
வாரம் இரண்டு நாள் மழை பெய்ததாக
மலைமேல் ஒருத்தி நம்பியிருக்கிறாள்.
அல்லது நம்பவில்லை;
கேட்பதற்கு அது ஒன்று இருந்தது.
முன்பின் தெரியாத யாருடைய சிறுநீரகக் கல்லோ
அவர்கள் இருவருக்கும் நடுவே
பெய்துகொண்டிருந்திருக்கிறது.

"பழையபடியே வச்சிடட்டுமா சார்?"
"சே சே, உன் பொழப்பு இருக்குல்ல."
நாலு படி இறங்கித் திரும்பினார்.
"இப்ப தெளிவாத்தான் கேக்குது.
மூச்சு விடறதுகூட.
அதான், என்ன பேசறதுன்னு தெரியல."

மே ஒன்பது, வெள்ளி.
டைரியை மறுபடி எடுத்து எழுதியிருக்கிறேன்:
10.40. தடை இல்லை. பைல் போய்விட்டது.
வெளியே நிஜ மழை, காற்றோடு.
சார் மாடியில் நனைந்துகொண்டு நிற்கிறார்,
போனைக் காதில் வைக்காமல்
கையை நீட்டி
மழைக்குள் பிடித்தபடி.